கஞ்சாச் செடிக்குச் செய்வதுபோல் தண்டை வளைத்து, வலையில் படரவிட்டு மாடித்தோட்டச் செடிகளை வளர்க்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் கஞ்சாச் செடியின் தண்டை வளைத்துக் கட்டி, மேலே வலை விரித்து அதற்குள் படரவிடுகிறார்கள், ஒரே செடியில் அவ்வளவு பூ பூக்கிறது, தஞ்சாவூரில் என் மாடியில் இருக்கும் பாகல், மிளகாய், ரோஜா, தொட்டிக் கொய்யா நான்குக்கும் அதைச் செய்தால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொய்யாவுக்கு நிச்சயம் உண்டு. மிளகாய்க்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. மற்ற இரண்டையும் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தச் செடியையே வைத்துப் பார்க்கலாமே என்று நினைக்கக்கூடும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாலும் குற்றம்தான். 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாடிக்கு அதெல்லாம் வேண்டாம், உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நேராக வளரும் செடியின் உச்சிக் குருத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இருக்கும் பக்கமொட்டுகள் தூங்கும். செடி தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கையும் உச்சியே இழுத்துக்கொள்கிறது. குருத்தைக் கிள்ளினால் இந்த அதிகாரம் உடனே போய்விடும். கிள்ளாமல் தண்டைப் படுக்க வைத்தாலும் உச்சியின் பிடி தளர்ந்துவிடும், கிடைமட்டமாகக் கிடக்கும் தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு கிளை மேலே கிளம்பும். வெட்டு, காயம் எதுவும் இல்லாததால் இதை அழுத்தம் குறைந்த பயிற்சி என்கிறார்கள். மேலே விரிக்கும் வலை, அப்படிக் கிளம்பிய கிளைகளை ஒரே மட்டத்தில் நிறுத்திவைக்க.

அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே பலர் அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும், கூரையும் தலைக்கு மேலேயே நிற்கும். போதாக்குறைக்கு இத்தனை செடிதான் வளர்க்கலாம் என்ற சட்டக் கணக்கு வேறு. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் 2024 முதல் வயதுவந்த ஒருவருக்கு 3 செடி. இருக்கிற மூன்று நான்கிலிருந்து முடிந்த அளவு எடுக்க வேண்டும் என்றால் செடியை அகலப்படுத்துவதைத் தவிர வழியில்லை. அந்தச் செடி கிளை நுனிகளில்தான் அடர்த்தியாகப் பூக்கும் என்பதால் நுனிகள் கூடினால் பூவும் கூடும். நமக்கோ வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, சித்திரையில் மாடிக்கு நிழல்வலை அல்லவா தேடுகிறோம்! அதனால் அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்ய வேண்டியதில்லை. உங்கள் செடி எங்கே பூக்கிறது, நுனியிலா, இலைக்கக்கத்திலா, பழைய கிளையிலா, புதுத் துளிரிலா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப வளையுங்கள்.

வளைப்பது என்னவோ நமக்குப் புதிது மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம். பாபநாசம், சுவாமிமலை பக்கம் எந்தக் கொடிக்காலுக்காவது, அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்காவது, பங்குனியில் போய்ப் பாருங்கள். 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை இந்த வட்டாரத்துச் சரக்குதான். அகத்தியை உயிர்க்காலாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, சாணுக்கு ஒரு கட்டாக வாழைநாரால் தளரக் கட்டுவார்கள். ஒரு வருஷத்தில் கொடி 10 அடி போய்விடும். அந்த உயரத்துக்கு மேல் இலை சிறுக்கத் தொடங்கும். அப்போது கொடியை இறக்கிக் கட்டுவார்கள். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அகத்திப் பட்டையைக் கவ்விக்கொண்டிருக்கும் கணுவேர்களை விரலால் நெம்பி, கொடியை நோகாமல் பிரித்துக் கீழே கொண்டுவருவார்கள். இலை பறித்து மொட்டையாகிப்போன அடிக்கொடியை அகத்தியின் காலடியில் வளையமாகச் சுருட்டி, மண்ணணைத்து, நுனிப் பகுதியை மட்டும் மறுபடி மேலே கட்டித் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள். வளைந்த இடங்களின் கணுக்களிலிருந்து புதுக்கொடிகள் கிளம்பும். வீடியோவில் நீங்கள் பார்த்ததும் இதே வேலைதான், செடிதான் வேறு. எங்கள் உறவில் ஒருவர் கொடிக்கால் வைத்திருந்தார். இறக்குகிற நாளில் வேலைக்கு வரும் பெரியவர், “வெயில் ஏறட்டும் தம்பி, இப்ப தொட்டா பட்டுனு ஒடியும்” என்று காலையில் கொடியைத் தொடவிடமாட்டார். விடிகாலையில் தண்டு முழுக்க நீர் ஏறி விறைப்பாக நிற்கும், வெயில் பட்டுக் கொஞ்சம் துவண்ட பிறகுதான் சொன்னபடி கேட்கும். எந்தச் செடிக்கும் இது பொருந்தும்.

இனி உங்கள் செடிகள்.

மிளகாய் தானாகவே கவைவிட்டு, அந்தக் கவைகளில்தான் பூக்கும். இரட்டை இரட்டையாகப் பிரிந்துகொண்டே போகும் செடியை வளைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு சாண் உயரத்தில் குருத்தைக் கிள்ளிவிடுங்கள், போதும். காய் பாரம் தாங்காமல் சாய்ந்தால் ஒரு குச்சி. கத்தரிக்கும் இதேதான்.

பாகலுக்கு வலை என்றால் பந்தல்தான், அதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கொடி பந்தலைத் தொடும் வரை பக்கக்கொம்புகளைக் கிள்ளி ஒற்றைக் கொடியாக ஏற்றுங்கள். தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், நாலாபக்கமும் பிரியும். பாகலில் காய் இலைக்கக்கத்தில் பிடிப்பதால் நுனிகளை ஒரே மட்டத்தில் நிறுத்துகிற வேலையெல்லாம் தேவையில்லை. சுரை வைத்திருந்தால் கிள்ளுவதற்கு இன்னும் நல்ல காரணம் உண்டு, தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண்பூதான் வரும், பிஞ்சு பிடிப்பது பக்கக்கொடிகளில். வலைக்கண் உங்கள் கை தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்கட்டும். கண் சின்னதாக இருந்தால் பிஞ்சு வலையில் மாட்டிக் கோணிக்கொள்ளும். பந்தல் அடர்ந்துபோனால் அடியிலிருக்கும் பழுத்த இலைகளை எடுத்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் காற்றுப் புகாத பந்தலுக்குச் சாம்பல் நோயும் அடிச்சாம்பலும் வராமல் இருக்காது. சவுக்குக் கழிகளைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள், வலையை மட்டும் அவிழ்த்து இறக்குகிற மாதிரி முடிச்சு போடுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் தென்னையே நிற்கவில்லை, மாடிப் பந்தல் எம்மாத்திரம்.

ரோஜா எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. ரோஜா புதுத் துளிரின் நுனியில் பூக்கும். அதனால் கொடி ரோஜாவாக இருந்தால், நீண்ட கொம்பைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் படுக்கை வாட்டத்தில் கட்டுங்கள். மேலே ஒரு கொத்தோடு நின்றுவிடும் கொம்பு, கணுவுக்குக் கணு துளிர்த்து ஒவ்வொன்றிலும் பூ தரும். வீடியோ உத்தியின் பலனை அப்படியே பார்ப்பது இதில்தான். புதர் ரோஜாவின் முற்றிய கொம்பு வளையாது, கொம்பை வெட்டிவிடும் கவாத்துதான் அதற்கு வழி.

கொய்யாவை மனம் நிறைந்து வளைக்கலாம். புதுத் துளிரின் இலைக்கக்கத்தில்தான் கொய்யா பூக்கும், துளிரை வரவழைத்தால் பூவை வரவழைத்த மாதிரி. செடிக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நேராக மேலே போகிற கிளையாகப் பார்த்து, அதிலுள்ள பூ, பிஞ்சு, இலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நுனியில் சில ஜோடி இலைகளை மட்டும் விடுங்கள். பிறகு ஒரு கையால் கிளையின் அடியைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவாருங்கள். ‘நறநற’ என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி அந்த நிலையில் கட்டிவிடுங்கள், மீதியை இரண்டு நாள் கழித்து இறக்கிக்கொள்ளலாம். பழைய வேட்டிக் கிழிசலோ வாழைநாரோதான் கட்டுவதற்கு நல்லது, நைலான் கயிறு பட்டையை அறுக்கும். பாதி ஒடிந்தாலும் பதற வேண்டாம், பட்டை ஒட்டியிருந்தால் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள், பல சமயம் கூடிவிடும். நுனி திரும்பவும் மேலே நிமிரும், அது இயல்பு, விட்டுவிடுங்கள். சில நாட்களில் படுத்திருக்கும் கிளையின் மேல்பக்கம் வரிசையாகத் துளிர் முளைக்கும்.

தொட்டிச் செடி என்பதால் ஒரு பக்கமாக மட்டும் வளைத்துக் கட்டாதீர்கள், கிளை இழுக்கிற இழுப்பில் வேர் அசையும், காற்றடித்தால் தொட்டியே சாயும். எதிரெதிர்க் கிளைகளாகப் பார்த்து, தொட்டியின் விளிம்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்துக் கட்டுங்கள். அடைமழை நாட்களில் தொடங்க வேண்டாம், தை கழியட்டும்.