டவருக்கு டவர் மழைக் கணக்கு

செல்போன் சிக்னல் குறைவதை வைத்தே மழையளவைச் சொல்லலாமாமே, என் போனில் பார்க்க முடியுமா?
– வாசகர், தேனி

போனில் முடியாது. 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 செ.மீ.; சில மில்லிமீட்டர் மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. மணிக்கு 20 மி.மீ. வீதம் கொட்டினாலும், கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலில் (சிக்னல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) ஆயிரத்தில் இரண்டு பங்குதான் இழப்பு. டவரில் மத்தள முகம் போல வெள்ளை டிஷ் ஒன்று அடுத்த டவரைப் பார்த்தபடி இருக்குமே, அதுதான் மழைமானி. அதில் 23 கிகாஹெர்ட்ஸ் ஓடினால் அலைநீளம் 13 மி.மீ. துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். 2006-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் செல்போன் நிறுவனப் பதிவுகளிலிருந்தே மழையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இலங்கையில் மூன்றரை மாதப் பதிவுகளை வைத்துச் சோதித்த முடிவு 2021-இல் வந்தது.

டெசிபல் எப்படி மி.மீ. ஆகிறது?
– வாசகி, யாழ்ப்பாணம்

இரு டவருக்கும் இடையே 5 கி.மீ. என்று வையுங்கள். வெயிலில் வந்து சேரும் திறன் −45 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு), மழையில் −58.5. இறக்கம் 13.5 டெசிபல். டிஷ் முகம் நனைந்ததற்கு 2 கழியுங்கள், மீதி 11.5. கி.மீ.க்கு 2.3. செங்குத்து முனைவாக்க (மேலும் கீழுமாக அதிரும்) 23 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, மழைவீதத்தின் 0.963-ஆம் அடுக்கை 0.128-ஆல் பெருக்கினால் இந்த இழப்பு வரும். திருப்பிப் போட்டால் மணிக்கு 20 மி.மீ.; கால் மணி நேரம் அப்படியே பெய்தால் 5 மி.மீ. அடுக்கு 1-ஐ ஒட்டி இருப்பதால் இழப்பு ஏறக்குறைய மழைவீதத்தின் நேர்விகிதத்தில் ஏறும்; அது பெரிய வசதி: வழியில் ஒரு கி.மீ.யில் மட்டும் கொட்டினாலும் சராசரி அதிகம் பிசகாது.

எங்கே தப்பும்?
– வாசகர், திருச்சி

டவர்கள் நெருங்கி நிற்கும் குட்டை இணைப்பில்தான் அதிகம். அரை கி.மீ. இணைப்பில் அந்த 2 டெசிபலைக் கழிக்க மறந்தால், மழை நின்ற பிறகும் டிஷ் ஈரம் காயும்வரை மணிக்கு 35 மி.மீ.க்கு மேல் என்று காட்டும்! பனி படிந்தாலும் இதே கதை. அதனால் 15 கி.மீ. தொலைவுக்குள் மற்ற இணைப்புகளும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் மழை என்று கொள்வார்கள். வெயிலில் வந்து சேரும் திறனை, முந்தைய 24 மணி நேரத்தில் மழையற்ற நேரங்களின் இடைநிலை மதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுப்பார்கள்.

இன்னொன்று, மழை வந்ததும் சில கருவிகள் அனுப்பும் திறனைத் தானாகக் கூட்டிவிடும். பெறும் திறனை மட்டும் பார்ப்பவருக்கு மழையே தெரியாது. பதிவு வாங்கும்போது இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.