கிறிஸ்துமஸ் தீவுக்குத் தூண்டிலோடு: கேள்வி–பதில்

பசிபிக் நடுவே, கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிறிஸ்துமஸ் தீவுக்கு ஃப்ளை (இறகும் நூலும் கட்டிச் செய்த போலி இரை) தூண்டிலோடு கிளம்புகிறவர்களின் கடிதங்கள் இந்த முறை. கணுக்கால் முதல் முட்டி வரை தண்ணீர் நிற்கும் மணல் திட்டுகளில் நடந்து, கண்ணில் படும் போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிற மீனுக்கு முன்னால் ஃப்ளையை வீசுகிற வேட்டை அது. மறந்த சாமானை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: முதல் பயணம். கடைக்காரர் 6, 8, 10, 12 எண் என்று நாலு ராட் (தூண்டில் கம்பு) வாங்கச் சொல்கிறார். தேவையா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: அவருக்குத் தேவை. எண் ஏற ஏற, ராட் வீசும் நூலான லைனும் கனமாகும், அவ்வளவுதான். உங்களுக்கு 9 அடி நீளத்தில், நாலு துண்டாகக் கழலும் 8 எண் ராட் ஒன்று போதும். உடைந்தால் மாற்றுக்கு இன்னொரு 8 அல்லது 9. ஜி.டி. எனப்படும் பெரும்பாறை மீன் மேல் ஆசை இருந்தால்தான் 12. அதையும் விடுதியில் வாடகைக்குத் தருவார்களா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சப் பணத்தை ரீலில், அதாவது லைன் சுற்றும் சக்கரத்தில் போடுங்கள். உப்புத்தண்ணீர் புகாதபடி மூடிய ட்ராக் (மீன் இழுக்கும்போது பிடித்து நிறுத்தும் பிரேக்), லைனுக்குப் பின்னால் கட்டும் மெல்லிய நூலான 20 பவுண்டு பேக்கிங் 200 கஜம் கொள்ளும் ஸ்பூல், இரண்டும் கட்டாயம். முள் பட்ட போன்ஃபிஷ் முதல் ஓட்டத்திலேயே லைன் முழுவதையும் உருவிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: என் கூலிங் கிளாஸ் விலை உயர்ந்தது. ஆனால் போலரைஸ்டு இல்லை. பரவாயில்லையா?

பதில்: போட்டோவுக்குப் பரவாயில்லை. தண்ணீரின் பளபளப்பை வெட்டாது, மீன் தெரியாது.

கேள்வி: மலிவாகக் கிடைத்தது என்று பெர்த் வழியாகக் கிறிஸ்துமஸ் தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அப்படி ஒரு விமானமே இங்கே வருவதில்லை என்கிறது விடுதி.

பதில்: நீங்கள் வாங்கியது இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியத் தீவுக்கு. சிவப்பு நண்டு பார்த்துவிட்டு வரலாம். உங்களுக்கு வேண்டிய விமான நிலையத்தின் குறியீடு சி.எக்ஸ்.ஐ.; டிக்கெட்டில் இருப்பது எக்ஸ்.சி.எச். மூன்றெழுத்தைக்கூடப் படிக்காமல் பணம் கட்டினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ரத்துக் கட்டணம் போக வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி போடும்போது இரண்டைக் கவனியுங்கள். ஹோனலூலு வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். 1995 முதல் தீவு தேதிக்கோட்டுக்கு மேற்கே சேர்க்கப்பட்டுவிட்டதால் ஹோனலூலுவும் அதுவும் ஒரே மணி, தேதி மட்டும் ஒரு நாள் முன்னால். செவ்வாய் ஏறினால் புதன் இறங்குவீர்கள். விடுதிக்குத் தீவின் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: 8 எண் ராடுக்கு 8 எண் லைன்தான் போட்டேன். ராட் தொய்கிறது, காற்றில் வீச்சு சரிகிறது. ராட் மோசமா? – மெல்பர்ன் வாசகர்

பதில்: ராடைத் திட்டாதீர்கள். லைனின் எண் என்பது அதன் எடை. முன்பக்கத்து 30 அடி, அதாவது 9.14 மீட்டர், 8 எண்ணுக்கு 210 கிரெய்ன் இருக்க வேண்டும், சுமார் 13.6 கிராம். 9 எண்ணுக்கு 240 கிரெய்ன், சுமார் 15.6 கிராம். இது தொழில்துறை தானே வைத்துக்கொண்ட அளவு, மீறினால் கேட்க ஆளில்லை. பல கம்பெனிகள் அரை எண், ஒரு எண் கனமாகச் செய்துவிட்டுப் பெட்டியில் 8 என்றே அச்சடிக்கின்றன. கடை வாசலில் 10 மீட்டர் வீசிப் பார்க்கும்போது ராட் சுகமாக வளையும், ஆகா என்று வாங்கிவிடுவோம். திட்டில் எதிர்காற்றில் 18 மீட்டர் வீசும்போதுதான் வினை. வெளியே போன லைனின் கனம் தாங்காமல் நுனி தொய்யும். லைன் தொப்பென்று விழும். முட்டியளவுத் தண்ணீரில் அந்தச் சத்தத்துக்கு மீன் கூட்டமே கலைந்துவிடும். அரிசிக்கடையில் எடை குறைத்தால் சண்டைக்குப் போகிறோம். இங்கே எடையைக் கூட்டி ஏமாற்றுகிறார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறோம்.

நுனியில் ஒரே தடிமனாக இருக்கும் சிறு பகுதியை விட்டுவிட்டு 9.14 மீட்டர் அளந்து சுருட்டி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வையுங்கள். 13.1 முதல் 14.1 வரை 8 எண். 15.5 காட்டினால் கையில் இருப்பது 9. பெட்டியில் எடை அச்சிடாத லைனை வாங்காதீர்கள். வெப்பக்கடலுக்கு என்று செய்ததாகவும் இருக்க வேண்டும்: குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்குச் செய்த லைனின் மேல்பூச்சு வெயிலில் இளகி ராட் வளையங்களில் ஒட்டும். உங்கள் ஊர்க் குளிரில் கடையில் தொட்டால் வெப்பக்கடல் லைன்தான் விறைத்துச் சுருண்டு நிற்கும். அது குறை இல்லை.

கேள்வி: நியோபிரீன் காலணி போதுமா?

பதில்: போதாது. உடைந்த பவளம் மெல்லிய அடியைத் தாண்டிக் குத்தும். பக்கவாட்டு ஜிப் உப்பில் இறுகிப்போன ஒரு ஜோடி என் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன். கெட்டி அடி, கயிறு கட்டும் வகை, சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். திருக்கை இருக்கும் மணலில் காலைத் தேய்த்தே நடங்கள்.

கேள்வி: விடுதியோடு மூன்று மாதம் மெயிலில் பேசினேன். அதே தொடரில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வர, முன்பணம் அனுப்பினேன். வரவில்லை என்கிறார்கள். என் முட்டாள்தனமா? – கோவை வாசகர்

பதில்: இல்லவே இல்லை. யாரோ ஒருவரின் மெயிலுக்குள் புகுந்து, உங்கள் பேச்சைப் படித்து, பணம் கட்டும் நேரம் பார்த்து அடித்திருக்கிறார்கள். இன்றே வங்கிக்குப் போய் ஸ்விஃப்ட் வழியாகப் போன வெளிநாட்டுப் பரிமாற்றத்தைத் திரும்ப அழைக்கும்படி எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் எண் பெறுங்கள். அந்த மெயிலை அழிக்காதீர்கள். விடுதியின் மெயிலுக்குள்தான் புகுந்தார்கள் என்று தெரிந்தால் நஷ்டத்தில் அவர்களும் பங்கேற்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: '7 இரவு' என்றால் 7 நாள் மீன்பிடிப்பா?

பதில்: பெரும்பாலும் 6. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகும் உரிமமும் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: போன தடவை கொண்டுபோன ரீல் இறுகிவிட்டது. வாரண்டி கிடைக்குமா?

பதில்: கழுவினீர்களா? உப்பு அரிப்புக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். தினமும் ட்ராக்கை இறுக்கி வைத்து நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஸ்பூலைக் கழற்றிக் காயவிட்டு, பிறகு ட்ராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால் எந்த ரீலும் இப்படித்தான் ஆகும்.