வாரம் 4,500 சம்பளம், கைக்குழந்தை… குடும்பம் ஓடுமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர், சனிக்கிழமையானா 4,500 கைக்கு வரும். நானும் செக்கிங்ல இருந்தேன், பாப்பா பிறந்ததுல இருந்து போகல, இப்ப 11 மாசம் ஆகுது. லைன் வீடு, வாடகை 5,000, கரண்ட்டுக்கு தனியா யூனிட் 9 ரூபா வாங்குறாங்க. வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் குழு லோன் எடுத்தது வாரம் 700 கட்டுறோம், இன்னும் 30 வாரம் இருக்கு. புதன்கிழமையே கை காலியாகிடுது. ரேஷன் கார்டு ஊர்ல அத்தை பேர்ல, அரிசி கடைலதான் வாங்குறேன். அத்தை பாப்பாவை ஊர்ல விட்டுட்டு நீயும் வேலைக்குப் போங்கறாங்க. எனக்கு மனசு வரல. இந்த சம்பளத்துல ஓட்ட முடியுமா, இல்ல நான் போய்த்தான் ஆகணுமா?

பதில்: கண்ணு, ஓட்ட முடியும். தாராளமா இல்ல, ஆனா முடியும். பாப்பாவுக்கு 2 வயசு ஆகுற வரைக்கும் நீ கூட இருக்கணும்னு நினைக்கிறது தப்பே இல்ல, அதுக்காக யார்கிட்டயும் தலை குனியாத.

நானும் லைன் வீட்ல வாரச் சம்பளத்துல குடும்பம் நடத்தினவதான். அதுல இருக்குற சிக்கல் என்னன்னா சம்பளம் வாரக்கணக்கு, வாடகை மாசக்கணக்கு. சனிக்கிழமை ராத்திரி கவர் வந்ததும் கை நிறைய இருக்குற மாதிரி தெரியும், வர்ற வழியில சில்லி சிக்கன், ஞாயித்துக்கிழமை கறி, அண்ணன் வீட்டுக்கு ஒரு நடை, திங்கள்கிழமை பார்த்தா பாதி இல்ல, அப்புறம் 5ஆம் தேதி வாடகைக்கு அங்க இங்க கேட்டு அலையணும். நான் அப்ப பண்ணினது ஒண்ணுதான், கவர் வந்த உடனே, அவர் சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடியே, வாடகைல கால் பங்கை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள ஒரு பையில போட்டுடுவேன். உனக்கு அது 1,250. வருஷத்துல 4 மாசம் 5 சனிக்கிழமை வரும் பாரு, அந்த அஞ்சாவது வாரமும் 1,250 போடு. வருஷம் முடியறப்ப வாடகை போக 5,000 மிஞ்சும். தீபாவளிக்கு கம்பெனி லீவு விட்டு சம்பளம் இல்லாத வாரம் வருமே, அதுக்கு அதுதான் சோறு போடும்.

அடுத்தது ரேஷன் கார்டு. இதை நீ சாதாரணமா எழுதியிருக்க, எனக்கு படிச்சப்ப இதுதான் வருத்தமா இருந்துச்சு. அரிசி கார்டுக்கு அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, இதெல்லாம் உனக்கு வராம கடை விலை குடுத்துட்டு இருக்க. உன் பேரு எந்த கார்டுல இருக்கோ அதுலயும், அவர் பேரை அத்தை கார்டுலயும் நீக்கிட்டு தனி கார்டுக்கு எழுதிப் போடுங்க, கேஸ் புக், ஆதார், வீட்டு விலாசம் கேப்பாங்க. இன்னொண்ணு, 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1,000 ஒரு கார்டுக்கு ஒரு பொம்பளைக்குத்தான். வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், உங்களுக்கு 52 வாரமும் சம்பளம் வந்தாலே 2,34,000தான். தனி கார்டு வந்தாதான் மனு வாங்குறப்ப நீ உன் பேர்ல போட முடியும்.

கரண்ட் விஷயம் கேக்கவே வயிறு எரியுது. இரண்டு மாசத்துக்கு 160 யூனிட் ஓடினா நீ 1,440 குடுக்குற, அதே வீட்டுக்கு தனி சர்வீஸ், அதாவது மின்வாரியத்தோட தனி இணைப்பு இருந்தா முதல் 100 யூனிட் இலவசம் போக 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும். இப்ப வீட்டுக்காரம்மாகிட்ட சண்டை போட வேண்டாம், அடுத்த வீடு பாக்குறப்ப வாடகை கேக்குறதுக்கு முன்னாடி தனி சர்வீஸா சப் மீட்டரான்னு கேளு.

லோனை பத்தி ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். பாதி கட்டி முடிச்சதும் "ரெகுலரா கட்டுறீங்க, 50,000 தர்றோம், பழசைக் கழிச்சுக்கலாம்"னு வருவாங்க. வேண்டாம் கண்ணு. என் பக்கத்து வீட்ல மூணு லோன் மேல மூணு லோன் ஏறி, கடைசில தாலிக்கொடியை அடகு வச்சதை நான் கண்ணால பார்த்தேன், சம்பாத்தியம் குறைவுன்னு இல்ல, வாரா வாரம் தவணை தின்னுடுச்சு. 30 வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கட்டி முடி. அப்புறம் மாசம் 2,800 உன் கையில நிக்கும்.

ஆஸ்பத்திரிக்கு, அவருக்கு ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு இந்த வாரமே கேக்கச் சொல்லு. சம்பளத்துல முக்கால் சதவீதம்தான், 18,000க்கு 135 ரூபா. அதுல உன் பேரும் பாப்பா பேரும் சேர்த்திருக்கான்னு பாரு, பாதிப் பேர் குழந்தை பேரைச் சேக்காமலே விட்டுடுறாங்க. காண்ட்ராக்ட்ல பீஸ் ரேட்னா பல இடத்துல பிடிக்கிறதில்ல, அப்படி இருந்தா ஈஎஸ்ஐ, பிஎஃப் இருக்குற கம்பெனிக்கு வாரம் 200 குறைஞ்சாலும் மாறச் சொல்லுவேன். அவர் வண்டில போறவர்னா, பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கு, அதையும் போட்டுடுங்க.

டயபர் வாங்குறியா? நம்ம ஊர்ல பனியன் கட் பீஸ் கிலோ கணக்குல கிடைக்குது, அதைவிட மெத்துனு துணி பாப்பாவுக்கு எங்க கிடைக்கும், துவைச்சு வெயில்ல போடு. வெளியூர் போறப்ப மட்டும் டயபர் போதும்.

வேலைக்கு 2 வயசுக்கு அப்புறம் போ. அப்ப அங்கன்வாடில சேக்கலாம், சோறும் முட்டையும் தர்றாங்க. ஆனா அது சாயங்காலம் சீக்கிரமே விட்டுடும், உன் ஷிப்ட் முடிய அஞ்சரை ஆகும், நடுவுல பாப்பாவை யார் பாத்துக்குவாங்கன்னு இப்பவே ஆள் பாத்து வை. பாப்பாவை ஊருக்கு அனுப்பறதுக்கு பதிலா அத்தையை இங்க வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுப்பாரேன். கார்டுல பேரு நீக்க எப்படியும் அவங்ககிட்ட பேசித்தான் ஆகணும், அப்பவே இதையும் கேளு.