அடகை மீள வைத்து மீள வைத்து ஒரு வானுக்குத் தவணை கட்டுகிறீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. மூன்று வருடங்களுக்கு முன் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து கீமோவில் குணமானார். இப்போது திரும்பி வந்திருக்கிறது. மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் மறுபடி கீமோ தொடங்கியாயிற்று. அதற்கு நோய் கேட்டால், அதிக அளவு கீமோ கொடுத்து, இரத்தத்தை உருவாக்கும் அவருடைய ஸ்டெம் செல்லையே திரும்ப ஏற்ற வேண்டும் என்கிறார் டொக்டர். சென்னையில் ஒரு மருத்துவமனை, தங்கும் செலவோடு இலங்கைக் காசில் 34 இலட்சம் ரூபாய் என்று எழுதித் தந்து, 12 இலட்சம் முற்பணம் கேட்கிறது. எங்களிடம் 15 இலட்சம் நிலையான வைப்பு உண்டு. 12 பவுண் நகை 21 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது, வட்டி 18 வீதம். பவுண் விலை ஏறியதால் இன்னும் 10 இலட்சம் எடுக்கலாம் என்கிறார்கள். எடுத்து அனுப்பிவிடவா? கணவரின் தம்பியின் வான் லீசிங்குக்கு நான் பிணை. ஒன்றரை வருடமாக மாதம் 47,000 நான்தான் கட்டுகிறேன். தம்பியின் மனைவி கர்ப்பம். தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தால் அண்ணனுக்கும் உதவும், பாதிப் பணம் தாருங்கள் என்று கேட்கிறார்கள்.
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, செலவைக் குறையுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு எழுதி வைத்துத்தான் வீடு நடத்துகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த நகையை முதலில் 9 இலட்சத்துக்குத்தான் வைத்தீர்கள், கூரை வேலைக்காக. அது எப்படி 21 ஆனது? விலை ஏறும் ஒவ்வொரு முறையும் மீள வைத்து மேலதிகமாக எடுத்திருக்கிறீர்கள். அந்த 12 இலட்சத்தில் ஏறக்குறைய எட்டரை இலட்சம் வானுக்குப் போயிருக்கிறது. மிச்சம் மூன்றரை பழைய வட்டிக்குப் போனது. வட்டி கட்டுவதற்கே கடன் எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சடைப்பைத் தருவது 34 இலட்சம் என்று நினைக்கிறீர்கள். என் கண்ணுக்குப் படுவது இந்தப் பழக்கம்தான்.

இன்னும் 10 இலட்சம் எடுத்தால் அடகு 31 இலட்சம். வட்டி மட்டும் மாதம் 46,500. கணவர் வேலைக்குப் போகாத மாதங்களில் அதை யார் கட்டுவது?

அந்த மாதங்களைப் பற்றித்தான் உங்கள் கடிதம் பேசவே இல்லை. அதிக அளவு கீமோ புற்றுநோய்க் கலங்களோடு எலும்பு மச்சையையும் அழித்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே ஊசி போட்டு, இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து உறைய வைத்து, கீமோ முடிந்ததும் ஏற்றுகிறார்கள். அவை வேலை செய்யத் தொடங்க பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். மருத்துவமனையில் மூன்று நான்கு வாரம் இருக்க வேண்டிவரும். வீட்டுக்கு வந்த பிறகும் நோய்த்தொற்றுப் பயம் பல மாதம் இருக்கும். ஆறு மாதம் அவருடைய சம்பளம் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். உங்கள் சம்பளத்துக்கு மேல் வீட்டுச் செலவுக்கு 30,000, வானுக்கு 47,000, இப்போதைய அடகு வட்டிக்கு 31,500. மாதம் 108,500 துண்டு விழும். ஆறு மாதத்தில் ஆறரை இலட்சம். வானும் அடகும் இல்லாவிட்டால் அதே ஆறு மாதத்துக்கு 180,000 போதும்.

ஆகவே நகையை விற்கச் சொல்கிறேன். மகளுக்கென்று வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மீட்கவே முடியாமல் அடகில் கிடக்கும் நகையும் மகளுடையது அல்ல. உங்களுக்குச் சொன்ன விலை பவுண் 320,000. ஏழு பவுண் விற்றால் 22 இலட்சத்துக்கு மேல் வரும். முழு அடகும் முடிந்து, ஐந்து பவுண் கடனில்லாமல் கையில் நிற்கும். செட்டியார் தெருவில் அடகை மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கல்லுக்கும் சேதாரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தாலிக்கொடியில் கைவைக்க வேண்டாம்.

சிகிச்சைக்குப் பணம் எங்கே என்பீர்கள். கணவருக்கு 22 வருட ஊழியர் சேமலாப நிதி 38 இலட்சம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்புச் செய்தவர்கள் மருத்துவத் தேவைக்கு 30 வீதம் எடுக்கலாம். அந்த 38 இலட்சத்தில் அது 11 இலட்சத்து 40 ஆயிரம். வைப்போடு சேர்த்தால் 26 இலட்சத்துக்கு மேல். மீதமுள்ள ஐந்தில் மூன்று பவுணை விற்றால் சென்னைச் செலவும் ஆறு மாதக் குறையும் அடங்கும், புதுக் கடன் ஒரு சதமும் இல்லாமல். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அந்த மூன்று பவுணும் மிஞ்சலாம். இதே சிகிச்சையை அரச மருத்துவமனையிலேயே செய்ய வழியிருக்கிறதா, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று மகரகம டொக்டரிடம் நேராகக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. முதலில் கேளுங்கள்.

முற்பணத்தை இப்போது அனுப்ப வேண்டாம். இப்போதைய கீமோவுக்கு நோய் கேட்கிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். கேட்காவிட்டால் பொதுவாக இந்தச் சிகிச்சைக்குப் போகமாட்டார்கள். 1995இல் வெளியான பார்மா என்ற ஆய்வில், திரும்பி வந்த லிம்போமாவுக்குக் கொடுத்த முதல் இரண்டு சுற்றுக் கீமோவில் நோய் சுருங்கியவர்களிடையே, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 53 வீதத்தினர் ஐந்து வருடங்களின் பின் உயிரோடு இருந்தார்கள். வழமையான கீமோவை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 32 வீதம். செலவழிக்கத் தகுந்த சிகிச்சைதான், உரிய நேரத்தில். ஸ்கேனுக்கு முன் பணம் கேட்டால், சிகிச்சை நடக்காவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்டெம் செல் சேகரிக்கும் ஊசி, உறைய வைக்கும் கட்டணம், இரத்தச் சிறுதட்டு, பங்கசுத் தொற்று மருந்து, கூடுதல் நாட்கள், இவை 34க்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். பில் வீங்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

தொப்புள்கொடிச் சேமிப்புக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். உங்கள் கணவருக்கு ஏற்றப்போவது அவருடைய சொந்தக் கலங்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் இரத்தத்துக்கு இதில் வேலையே இல்லை. பயந்துபோன குடும்பங்களிடம் இதைத் தவணை முறையில் விற்கிறார்கள் என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வான் விஷயத்தில், பிணை நின்றவர் நீங்கள். தவணையைத் திடீரென்று நிறுத்தினால் லீசிங்காரர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். தம்பி பாடசாலை ஓட்டத்தில் உழைக்கிறார் அல்லவா, இனித் தவணை அவருடையது. முடியாவிட்டால் வானை விற்று லீசிங்கை முடிக்கட்டும். இதைச் சொல்லும் பாரத்தை கீமோவில் படுத்திருக்கும் கணவர் தலையில் வைக்காதீர்கள். மாமியாரை வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். லீசிங் அலுவலகத்துக்கும் தம்பியோடு சேர்ந்து போய் மீதித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். வான் கைமாறும் அன்றே, பிணையிலிருந்து உங்களை விடுவித்த கடிதமும் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.