மூன்று நாளாகியும் பிசுபிசுக்கும் கயாக்

கயாக்கில் (துடுப்பால் செலுத்தும் சிறு படகில்) பூசிய ரெசின், அதாவது இறுகும் பிசின், இன்னும் ஒட்டுகிறதே, பிய்த்தெறியலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மெழுகு சேராத பாலியெஸ்டர் ரெசின், காற்றுப்படும் பக்கத்தில் முழுதாக இறுகாது. உங்கள் கயாக்கின் வெளிப்புறம் மூன்று நாளாகியும் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேலே ஒட்டினாலும் அடியில் கல்போல இருந்தால், மெழுகு கலந்த ரெசினைக் கடைசிப் பூச்சாக மெல்லியதாகக் கொடுங்கள், போதும். நகம் பதிந்தால் விஷயம் வேறு: ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கலாம் (வழக்கமாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்), அல்லது சரியாகக் கலக்கவில்லை. வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். அப்போதும் குழைவாக இருந்தால் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும்.

மெழுகுப் பூச்சின்மேல் இன்னோர் அடுக்கு போடுவதென்றால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சோம்பலில் நான் அதை விட்டுவிட்டு, முழு அடுக்கும் தோல்போல உரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின் என்றால் இந்த மெழுகுப் பூச்சும் கேட்டலிஸ்ட் அளவும் பொருந்தாது.