செமி பன்ச், ட்ரிபிள் கோட், ஷோ குவாலிட்டி... பூனை விக்கிறவங்க சொல்ற இதுக்கெல்லாம் என்னதாங்க அர்த்தம்?

கேள்வி கேட்டவர் திருமங்கலத்துல பாத்த விளம்பரத்த அப்படியே போட்டிருக்காரு: "பர்சியன் குட்டி, செமி பன்ச், ட்ரிபிள் கோட், 45 நாள், ஃபுல்லி வேக்சினேட்டட், பேப்பர் இல்ல ஆனா ப்யூர்." இதுல எது நெசம், எது பில்டப், வாங்கலாமா வேணாமான்னு கேட்டிருக்காரு.

நான் மதுரை வில்லாபுரம். வீட்ல ரெண்டு பர்சியன், மாடில தானா வந்து ஒட்டிக்கிட்ட வரிப்பூனை ஒண்ணு. குட்டி எடுத்து விக்கிற பிரீடர்லாம் கிடையாது, ஆனா தெரிஞ்சவய்ங்க யாரு குட்டி எடுக்கப் போனாலும் ஏப்பா நீயும் கூட வான்னு இழுத்துட்டுப் போயிருவாய்ங்க, அதனால இந்த பாஷை ஓரளவு அத்துப்படி. என்னையக் கேட்டா இதுல மூணு ஆளுக பேச்சு கலந்து கெடக்கு, விக்கிறவன் பேச்சு, ஷோவுக்குப் போறவன் பேச்சு, டாக்டர் பேச்சு. விளம்பரத்துல மொதல் ரெண்டுந்தான் கொட்டை எழுத்துல இருக்கும், உங்க காசையும் பூனை உசுரையும் காப்பாத்துற மூணாவது ஒண்ணு கடைசில சின்னதா இருக்கும், இல்ல இருக்கவே இருக்காது.

மூஞ்சில இருந்து வருவோம். டால் ஃபேஸ்னா மூக்கு கொஞ்சம் வெளிய தெரியும், பழைய காலத்து பர்சியன் மூஞ்சி அது. பன்ச்னா மூக்கு உள்ள அமுங்கி ரெண்டு கண்ணுக்கும் நடுவுல போய் உக்காந்திருக்கும். செமி பன்ச்னா ரெண்டுக்கும் இடைல, அதுக்கு ஒரு அளவுகோலும் கிடையாது, அன்னைக்கு விக்கிற அண்ணனோட மூடுதான் அளவுகோல். குட்டிய நேரா முன்னாடி இருந்து போட்டோ எடுத்தா டால் ஃபேஸ் கூட செமி பன்ச் மாதிரிதான் தெரியும், விலை மட்டும் ஆயிரக்கணக்குல ஏறிரும். அதனால எப்பவும் பக்கவாட்டு போட்டோ கேளுங்க, கேட்டதும் அண்ணே குட்டி தூங்குதுண்ணேன்னு பதில் வந்தா புரிஞ்சுக்கங்க.

ஷோ நடத்துற கிளப்புகளோட ஸ்டாண்டர்டுல இந்த பன்ச் செமி பன்ச் பிரிவெல்லாம் கிடையாது. அங்க பேச்சு "பிரேக்" பத்திதான், அதாவது நெத்தியும் மூக்கும் சேர்ற எடத்துல விழுற பள்ளம். அமெரிக்காவுல 1906ல ஆரம்பிச்ச சி.எஃப்.ஏ. கிளப்பு பர்சியனுக்கு அந்த பிரேக் ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கணும்ங்குது. இங்கிலாந்துல இருக்குற ஜி.சி.சி.எஃப். வேற மாதிரி, மூக்கோட மேல் விளிம்பு கண்ணோட கீழ் விளிம்பத் தாண்டி மேல போகக் கூடாதுங்குது, ஏன்னா மூக்கு மேல ஏற ஏற மூச்சு விடுற வழி சுருங்குது, கண்ணீர் வடியிற குழாய் மடங்கிப் போயி கண்ணு ஓரம் நாள் பூரா ஈரமாவே இருக்கு. பன்ச் வேணும்ங்கிறவங்க தெனம் காலைல வெதுவெதுன்னு துணி நனைச்சு கண்ணத் தொடைச்சு விட ரெடியா இருக்கணும், அதோட நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் மின்விசிறி மட்டும் போட்டு விட்டுட்டு வெளிய போறதெல்லாம் ஆகாது. பூனை நாய் மாதிரி நாக்கத் தொங்கப் போட்டு இரைச்சா அது சாதாரண விஷயம் இல்ல, அதுவும் பன்ச் ஃபேஸ்ல இன்னும் மோசம். என்னோட சொந்த அபிப்ராயம், மதுரைக்கு டால் ஃபேஸே போதும்.

ட்ரிபிள் கோட் இருக்கே, அது இன்னும் தமாசு. பூனை முடில பொதுவா மூணு ரகம், மேல நீளமா கெட்டியா இருக்குற கார்டு ஹேர், நடுவுல ஆன் ஹேர், அடில பஞ்சு மாதிரி டவுன் ஹேர். நம்ம தெருப் பூனைக்கும் இந்த மூணும் உண்டு, அப்படிப் பாத்தா கரிமேடு மீன் மார்க்கெட்ல சுத்துறதெல்லாம் ட்ரிபிள் கோட்தான். விக்கிறவன் சொல்ல வர்றது முடி ரொம்ப அடர்த்தி, நீளம், அம்புட்டுதான். ஆனா 45 நாள் குட்டிக்கு இருக்குறது குட்டி முடி, பெரிய முடி வர மாசக்கணக்குல ஆகும், அதனால குட்டியப் பாத்து கோட்டு சொல்றத விட தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்க. கழுத்தச் சுத்தி சிங்கத்துக்கு மாதிரி நிக்கிறது ரஃப், பின்னங்கால்ல பேன்ட் போட்ட மாதிரி தொங்குறது பிரிட்சஸ், இதெல்லாம் ஷோ ஆளுக ரசிச்சுப் பேசுற சமாச்சாரம். பர்சியன் மூஞ்சி வேணும் ஆனா சீப்பும் கையுமா உக்கார முடியாதுங்கிறவங்களுக்கு எக்ஸாடிக்னு ஒண்ணு இருக்கு, அதே உடம்பு அதே மூஞ்சி, முடி மட்டும் குட்டை.

கலருக்கு வந்தா எங்க அம்மா சாம்பப் பூனைம்பாங்க, பிரீடர் ப்ளூம்பாரு. நாம செவலைம்போம், அவங்களுக்கு அது ரெட். வரிப்பூனைக்கு மேக்கரல் டேபி. மூஞ்சி காது வாலு மட்டும் கருத்து உடம்பு வெளுப்பா இருந்தா பாயின்ட், அதுவே பர்சியனா இருந்தா ஹிமாலயன்னு விப்பாய்ங்க, ஹிமாலயாவுல இருந்து வந்ததுன்னு ஒருத்தர் என்கிட்டயே அடிச்சு விட்டாரு. அந்தப் பேரு ஹிமாலயன் முயலோட கலர வச்சு வந்தது, 1984ல இருந்து சி.எஃப்.ஏ. அத பர்சியனுக்குள்ளயே ஒரு கலர் பிரிவா வச்சிருக்கு. இந்த பாயின்ட் குட்டிக பொறக்கும்போது வெள்ளையா இருக்கும், ஏன்னா அந்த கலர உண்டாக்குற என்சைம் சூடான எடத்துல வேலை செய்யாது, வயித்துக்குள்ள சூடு, வெளிய வந்தப்புறம் உடம்புல குளிர்ச்சியா இருக்குற காது வாலு பாதம் மட்டும் சில வாரத்துல கருக்கும்.

மூணு கலர் பூனைய காலிகோம்பாங்க, வெள்ளை கலக்காம கருப்பும் செவலையும் மட்டும் கலந்தா டார்ட்டி. "ஆண் காலிகோ, ரேர் பீஸ்"னு எவனாவது ரேட்ட ஏத்துனா கும்பிட்டுட்டு வந்துருங்க. செவலை நெறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ரெண்டு எக்ஸ் இருந்தாதான் ரெண்டு நெறமும் சேந்து வரும், அதனால அதுக கிட்டத்தட்ட எல்லாமே பொட்டைதான். ஆண்ல வந்தா பெரும்பாலும் ஒரு எக்ஸ் கூடுதலா இருக்கும், குட்டி போட வைக்க ஆகாது. அது எந்த ஜீன்னு 2025லதான் ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் தனித்தனியா கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. "ஆட் ஐ"ன்னா ஒரு கண்ணு நீலம் ஒரு கண்ணு மஞ்சளோ காப்பர் கலரோ. வெள்ளைப் பூனைல இதுக்கு மவுசு ஜாஸ்தி, ஆனா வெள்ளை முடியும் நீலக் கண்ணும் சேந்தா காது கேக்காமப் போற வாய்ப்பு கூட வருது, ஆட் ஐல பல நேரம் நீலக் கண்ணு இருக்குற பக்கத்துக் காது. குட்டி அங்குட்டு பாத்துட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து சாவிக் கொத்த ஆட்டிப் பாருங்க.

இப்ப அந்த "பேப்பர் இல்ல ஆனா ப்யூர்". பேப்பர்னா பெடிக்ரீ சர்டிபிகேட். அதுல குட்டி பேருக்கு முன்னாடி கேட்டரி அதாவது பிரீடரோட பூனைப் பண்ணை பேரு, அப்பா அதாவது சயர், அம்மா அதாவது டேம், அதுக்கு மேல தாத்தா பாட்டின்னு தலைமுறை தலைமுறையா நம்பரோட இருக்கும். சி.எஃப்.ஏ., டிக்கா, டபிள்யூ.சி.எஃப். மாதிரி கிளப்புல பதிஞ்சிருப்பாங்க. சில பேரு வெவரமா கேக்குறதா நெனச்சு கே.சி.ஐ. பேப்பர் இருக்காம்பாங்க, அது கென்னல் கிளப், சென்னைல இருக்கு, நாய்க்கு மட்டும்தான். பேப்பர் இல்லைன்னா அது பூனை இல்லைன்னு ஆயிராது, பாசத்துக்கு வளக்க பேப்பர் எதுக்கு, நம்ம ஊருல இருக்குறதுல பெரும்பாலும் பேப்பர் இல்லாததுதான். ஆனா பேப்பர் இல்லாம ப்யூர்ங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது, அதுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க. மெயின் கூன்ங்கிற பெரிய சைஸ் நீள முடி ஜாதியோட கிராஸ்னு சொல்றதுல பாதி, முடி கொஞ்சம் நீளமா பொறந்த ஏதோ ஒரு குட்டி. கடைல வாங்குறதா இருந்தா இன்னொண்ணு, 2018ல வந்த பெட் ஷாப் விதிப்படி கடைக்காரர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும், கேட்டுப் பாக்குறதுல தப்பில்ல.

பர்சியனப் பொறுத்தவரைக்கும் பேப்பர விட நான் கேக்கச் சொல்ற வார்த்தை பி.கே.டி. கிட்னில பொறக்கும்போதே சின்னச் சின்ன நீர்க்கட்டி இருந்து வருசம் போகப் போகப் பெருசாகி கிட்னியவே காலி பண்ற பரம்பரை வியாதி. தாய் தகப்பன்ல ஒண்ணுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுக்கான ஜீன் மாற்றத்த 2004ல கண்டுபிடிச்சிட்டாங்க, டெஸ்ட் இருக்கு. ஒழுங்கான பிரீடர்னா பி.கே.டி. நெகட்டிவ்னு ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டுவாரு. மத்தவங்க அப்படின்னா என்னண்ணேன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாய்ங்க, அது ஒண்ணுலயே ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்.

அப்புறம் "45 நாள், ஃபுல்லி வேக்சினேட்டட்". இது ரெண்டும் ஒரே விளம்பரத்துல இருக்கவே முடியாதுங்க. பூனைக்குப் போடுற அடிப்படை ஊசி, நம்மாளுக ட்ரைகேட்டும்பாங்க, மூணு வியாதிக்குச் சேத்துப் போடுறது, மொத டோஸே ஆறுல இருந்து எட்டு வாரத்துலதான் ஆரம்பிக்கும், அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, கடைசி டோஸ் 16 வாரம் வாக்குல. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துக்கு மேல. 45 நாள்ல ஒரு டோஸ் போட்டிருந்தா அதுவே பெருசு. கார்டுல மருந்து பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டுன ஸ்டிக்கர், தேதி, டாக்டர் சீல் மூணும் இருக்கணும், வெறும் பேனால எழுதுனது கணக்குல வராது. இவ்வளவு பேசுறேன்னா காரணம் இருக்கு, எல்லாரும் "கேட் பார்வோ"ம்பாங்களே அந்த பேன்லூக்கோபீனியா, ஊசி போடாத குட்டிக்கு வந்தா ரெண்டு மூணு நாள்ல ஆள முடிச்சிரும். டீவார்ம்னா பூச்சி மருந்து, அதையும் எப்ப குடுத்தாய்ங்கன்னு கேட்டுக்கங்க. திருமங்கலத்துக் குட்டி புடிச்சிருந்தா அட்வான்ஸ் குடுத்துட்டு, ரெண்டு டோஸ் முடியட்டும் மூணு மாசத்துல எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் தாய்கிட்டயே இருந்தா கடிக்கிற பழக்கமும் கொறையும், மண்ணுல போகவும் தாயே பழக்கிவிட்டுரும். இல்லண்ணே இன்னைக்கே எடுத்துட்டுப் போங்கன்னு அவசரப்படுத்துனா வேற எடம் பாருங்க.

பெட் குவாலிட்டி, ப்ரீட் குவாலிட்டி, ஷோ குவாலிட்டி பத்தி சுருக்கமா சொல்லிர்றேன். பெட் குவாலிட்டின்னா சீக்குக் குட்டி இல்ல, வாலு நுனில ஒரு முறுக்கு இருக்கும், தப்பான எடத்துல வெள்ளைத் திட்டு இருக்கும், ஜட்ஜுக்குத்தான் அது குறை. ப்ரீட் குவாலிட்டின்னா குட்டி எடுக்க வச்சுக்கிற பூனை. ஷோ குவாலிட்டிய முடிவு பண்ண வேண்டியது ஜட்ஜு, விக்கிறவர் இல்ல. சென்னை பெங்களூர் பக்கம் ஷோ நடக்குறப்ப ஒருதடவை சும்மா போய் சுத்திப் பாருங்க, செலவில்லாத படிப்பு. பூனை உக்கார்ற கூண்டு வரிசைக்குப் பேரு பெஞ்சிங், ஜட்ஜு மேசை இருக்குற எடம் ரிங். கருத்தடை ஆபரேஷன் பண்ணுன பூனைக்குத் தனிப் போட்டி, சி.எஃப்.ஏ.ல அதுக்கு ப்ரீமியர்ஷிப்னு பேரு. ஜாதி தெரியாத பூனைக்கும் ஹவுஸ்ஹோல்ட் பெட்னு ஒரு பிரிவு உண்டு, அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல 1871ல ஹாரிசன் வெயர்னு ஒரு ஓவியர் நடத்துன ஷோல இருந்துதான் இந்தக் கூத்தெல்லாம் பெருசா ஆரம்பிச்சது.

வாங்குனப்புறம் வேற சொற்கள் வரும். ராத்திரி பூரா பொட்டை தரைல உருண்டு உருண்டு கத்துனா ஹீட்டுக்கு வந்திருச்சும்பாங்க, வலின்னு நெனச்சு பதறாதீங்க. கிராஸ் போடலைன்னா அடங்கி சில நாள்ல திரும்பவும் வரும், பூனைக்கு அப்படித்தான், கடுவனோட சேந்தாதான் கருமுட்டையே வெளிய வரும். கடுவன் செவத்துல பீச்சி அடிச்சா ஸ்ப்ரேயிங். ஒரு குட்டியாவது போடட்டும்னு எங்க பெரியம்மா மாதிரி பல பேரு சொல்லுவாங்க, வேணாம், பொட்டைக்கு ஸ்பே, கடுவனுக்கு நியூட்டர்ங்கிற கருத்தடை ஆபரேஷன டாக்டர்ட்ட கேட்டு வெரசா பண்ணிருங்க. முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தி மடில அமுக்குறத வெளிநாட்டுக்காரங்க பிஸ்கட் போடுதும்பாங்க, எங்க வீட்ல பரோட்டா மாவு பிசையுதும்போம். லோஃப், ஜூமிஸ் எல்லாம் இன்ஸ்டாகிராம் பாத்து நீங்களே கத்துக்குவீங்க.

ஆனா ஒரு வார்த்தைய மட்டும் மறக்காம வச்சுக்கங்க, "பிளாக்". கடுவன் லிட்டர் பாக்ஸ்ல போய்ப் போய் உக்காந்து முக்குது, கத்துது, ஆனா யூரின் ஒரு சொட்டு வரலைன்னா அடைப்பு விழுந்திருச்சுன்னு அர்த்தம், வெறும் ட்ரை ஃபுட் மட்டும் தின்னு தண்ணி சரியா குடிக்காத கடுவனுக்கு இது சகஜமா வரும், நம்ம வெயிலுக்குக் கேக்கவே வேணாம். நெறைய பேரு இத மலச்சிக்கல்னு நெனச்சு வெளக்கெண்ணெய் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல உசுரே போயிரும், அதனால டாக்டருக்கு போன் போட்டதும் சாப்பிடல சோர்வா இருக்குன்னு இழுக்காம "மேல் கேட், யூரின் பிளாக் மாதிரி இருக்கு"ன்னு மொத வரிலயே சொல்லிருங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாம ராத்திரியே வண்டிய எடுங்க.