ஐந்தாவது கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தேவையற்ற வேலைகளைக் கண்டறிந்து குறைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. சரக்கு அனுப்பியவரின் பில் ஒன்று எங்களிடம் வந்து, பணம் வெளியேற 22 நாட்கள் ஆகின்றன. அதன்மீது உண்மையில் நடக்கும் வேலையைக் கூட்டினால் 40 நிமிடங்கள்கூட வராது. ஐந்து பேர் கையெழுத்திடுகிறார்கள். போதாததற்கு, ஊழியர்கள் ஆளுக்கொரு எக்செல் தாளில் அதே விவரங்களைத் தனியாகக் குறித்து வைக்கிறார்கள்; நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியும் பயனில்லை. பழையவர்கள் மாற மறுக்கிறார்கள். நிர்வாகம் மூன்று மாதம் கெடு விதித்திருக்கிறது. எந்த மென்பொருளை வாங்கலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரிபார்ப்புக்கு மேல் சரிபார்ப்பு வைப்பதால் தவறுகள் குறைகின்றனவா என்ற கேள்வி சில காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். வேலை நடக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் நீங்கள் பிரித்துப் பார்த்திருப்பது நல்ல தொடக்கம். பெரும்பாலானோர் ஊழியரின் வேகத்தை மட்டுமே அளக்கிறார்கள். உங்கள் 40 நிமிடத்தைப் பாதியாக்கினாலும் பணம் 22ஆம் நாள்தான் வெளியேறும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபோர்டு நிறுவனத்தில் பில்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவின் கதையை மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார். அந்தப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினியைக் கொண்டு 20 சதவீதம் குறைக்கலாம் என்று திட்டமிட்டிருந்த நேரத்தில், ஜப்பானின் மாஸ்டா கார் நிறுவனத்தில் அதே வேலையை ஐந்து பேர் பார்ப்பது தெரியவந்தது. மாஸ்டா சிறிய நிறுவனம்தான், ஆனால் அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகும் இடைவெளி மிகப் பெரியது. பிறகு ஃபோர்டு செய்தது என்ன? பில் அனுப்ப வேண்டாம் என்று சரக்கு தருபவர்களிடம் சொல்லிவிட்டது. வந்திறங்கும் சரக்கு கணினியில் உள்ள கொள்முதல் ஆணையோடு பொருந்தினால் பணம் போய்விடும். ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். ஐந்து கையெழுத்தையும் அப்படியே கணினிக்குள் ஏற்றினால், மேசையில் காத்திருந்த பில் திரையில் காத்திருக்கும், அவ்வளவுதான்.

‘பழையவர்கள் மாற மறுக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் ஏன் அந்தத் தாளை வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா?

இளமையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பக்கத்து மேசையில் மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பில்லையும் கணினியில் ஏற்றிய பிறகு, நீள நோட்டு ஒன்றில் தேதி, பில் எண், தொகை, யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் அந்த வரியின் ஓரத்தில் சுருக்கொப்பமும் பெற்றுக்கொள்வார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒரே வேலையை இருமுறை செய்வதாகச் சொல்லி அதைத் தடை செய்தார். நோட்டு மேசையின் மேலிருந்து இழுப்பறைக்குள் போனது, எழுதுவது நிற்கவில்லை. முன்பொரு முறை மேலதிகாரி ஒருவரிடம் போய்த் தொலைந்த பில்லுக்காக இவருடைய ஊதிய உயர்வை நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது, அந்தத் தண்டனை வந்ததற்கு மறுநாளின் தேதி.

தேவையற்றது என்று நீங்கள் குறித்துவைத்திருக்கும் வேலைகளில் பெரும்பகுதி இப்படி யாரோ பழி சுமந்த நாளில் பிறந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பழி யார்மீது விழும் என்பதை மாற்றாமல் வேலையை மட்டும் வெட்டினால் அது இழுப்பறைக்குள் போய் வளரும். அமெரிக்கத் தர வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங் மேலாண்மைக்கு வகுத்த 14 கொள்கைகளில் மூன்றாவது, தரத்துக்காகச் சோதனையை நம்பியிருப்பதைக் கைவிடுங்கள் என்பது. எட்டாவது, அச்சத்தை விரட்டுங்கள் என்பது. மூன்றாவதை ஆர்வத்தோடு பிடித்துக்கொள்ளும் நிர்வாகங்கள் எட்டாவதைக் கண்டுகொள்வதில்லை. (டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ வகுத்த ஏழு வகை விரயங்களையும் இந்நேரம் யாராவது உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதே ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து, அதற்குள் ஆளை நிற்கவைத்து வேலை நடப்பதைப் பார்க்கச் சொல்வார் என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.)

இனி அந்த ஐந்து கையெழுத்து. முதலாமவர், மேலே நால்வர் பார்ப்பார்கள் என்று போடுகிறார். ஐந்தாமவர், கீழே நால்வர் பார்த்துவிட்டார்கள் என்று போடுகிறார். இடையில் உள்ள மூவருக்கு இரண்டு காரணமும் இருக்கிறது. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவர் பார்வையும் மெலிகிறது, தவறு நடந்தபின் யாரைக் கேட்பது என்பதும் தெரியாமல் போகிறது. கடந்த ஓராண்டின் வவுச்சர்களை எடுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்காரரும் எத்தனை பில்களை, என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று பாருங்கள். ஒன்றையும் திருப்பாதவரின் கையெழுத்து அங்கே எதற்கு? ஆனால் ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: கொள்முதல் ஆணை தருபவர், சரக்கைப் பெற்றுக்கொள்பவர், பணம் கொடுப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். அது மோசடிக்கு எதிரான பூட்டு. அதை விரயக் கணக்கில் சேர்த்து எடுத்துவிட்டால் ஆடிட்டர் வரும்போது உங்களிடம் பதில் இருக்காது.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாகப் பொது மேலாளரிடம் எழுத்தில் ஒன்று வாங்குங்கள்: குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பில்களை ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டு ஒருவரே அனுமதிக்கலாம்; மாதம் ஒருமுறை சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்போம்; நல்லெண்ணத்தோடு செய்ததில் தவறு நேர்ந்தால் இழப்பு நிறுவனத்தைச் சேரும், ஊழியரின் ஊதியத்தைத் தொடாது. இதில் கையொப்பமிட அவர் தயங்கினால், மூன்று மாதக் கெடுவை நீங்களும் ஏற்க வேண்டாம்.